புரியலை என்று எழுந்து நின்ற பாக்கியம்

போன மாதம் தஞ்சாவூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. ஓய்வு பெற்ற யாராவது வந்து நடைமுறை ஆலோசனை சொன்னால் நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தேநீருக்கும் குழுப் புகைப்படத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி எனக்கு. எனக்கு முன்னால் பேசியவர் திரையில் நிறைய அம்புக்குறிகள் காட்டினார். எல்லா அம்பும் மாணவரிடமிருந்து கிளம்பி மாணவரிடமே வந்து சேர்ந்தது. ஆசிரியர் எங்கே என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன். அவர் வெறும் வழிகாட்டி, படத்தில் வரமாட்டார் என்றார்.

நான் மைக்கைப் பிடித்ததும் ஒரு பெண், "மேடம், பாயின்ட் பாயின்ட்டா சொல்லுங்க, எழுதிக்கறோம்" என்றாள். எனக்குப் பாயின்ட்டாக வரவில்லை. ஒரு மாணவியைப் பற்றியும் ஒரு தலைமையாசிரியரைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் புகைப்படக்காரர் வந்துவிட்டார். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

என் அத்தாவுக்குத் திருத்துறைப்பூண்டியில் பலசரக்குக் கடை. அண்ணன் சவூதிக்குப் போனான், நான் கும்பகோணத்துக்கு பி.ஏ. ஆங்கிலம் படிக்கப் போனேன். இரண்டில் எது அதிக தூரம் என்று எங்கள் தெருவில் கொஞ்ச நாள் விவாதம் நடந்தது. அப்புறம் பி.எட். அங்கே எங்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லிக் கொடுத்த முறை விசேஷமானது. கூடப் படிக்கும் தோழிகளே மாணவிகள் வேடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ரோஜாப்பூ படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால் எல்லாரும் கை தூக்குவார்கள். 'குட், வெரி குட்' என்று பாராட்ட வேண்டும். பாராட்டுக்குத் தனி மதிப்பெண். அப்படிப்பட்ட மாணவிகளை அதற்குப் பிறகு நான் எங்கும் சந்திக்கவில்லை.

வேலை கிடைத்தது வேதாரண்யம் போகிற வழியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் உப்பளம், அதையும் தாண்டினால் கடல். நடவு நாளில் பாதி வகுப்பு வராது, வலையில் நல்ல மீன் பட்டால் மீதிப் பாதி வராது. வந்தவர்களுக்கு ஆங்கிலம் நடத்தினோம்.

நடத்துகிற முறையைச் சொல்ல வேண்டும். முதலில் ஆசிரியர் பாடத்தை உரக்க வாசிப்பார். பிறகு தமிழில் கதை சொல்வார். பிறகு கரும்பலகையில் கேள்வி பதில் எழுதிப் போடுவார், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். கடைசியில் "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டால் ஓட்டுக் கூரை அதிர "யெஸ் டீச்சர்" என்று வரும். பாடம் முடிந்தது. கட்டுரைக்கு மலை வாசஸ்தலம் ஒன்றுக்குப் போய் வந்ததை மனப்பாடம் செய்ய வைப்போம். எங்கள் பிள்ளைகள் பார்த்திருந்த அதிகபட்ச உயரம் ஆற்றங்கரை. ஆனாலும் அங்கே குளிர் எப்படி இதமாக இருந்தது, மேகம் எப்படித் தோளை உரசியது என்று எல்லாரும் ஒரே வார்த்தைகளில் எழுதினார்கள். உப்பளத்தைப் பற்றி எழுதச் சொல்லிப் பார்க்கட்டுமா என்று ஒருமுறை தலைமையாசிரியரிடம் கேட்டேன். "உப்பளத்தைப் பத்தி எந்த கொஸ்டின் பேப்பர்ல டீச்சர் கேக்கறான்?" என்றார்.

தலைமையாசிரியர் பெயர் சந்தானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடிப்புக் கலையாத சஃபாரி சட்டை போட்டு வருவார். ஆங்கிலம் தெரியாதவர்களிடம் ஆங்கிலத்திலும், தெரிந்தவர்களிடம் தமிழிலும் பேசுவார். கெட்டவர் இல்லை. பள்ளிக்கு முதலில் வந்து கடைசியில் போகிறவர், தண்ணீர்த் தொட்டியைத் தானே நின்று கழுவ வைக்கிறவர். அவருக்கு ஒரே கவலைதான், ரிசல்ட். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் பலகை வைத்துவிட்டு ஓய்வு பெற வேண்டும் என்பது அவர் கனவு.

அந்தச் சமயத்தில்தான் நாடு தன் கதவுகளைத் திறந்துகொண்டது. எங்கள் ஊர்ப் பக்கம் அந்தத் திறப்பு இரண்டு வேன்களாக வந்தது. ஒன்று இறால் கம்பெனி வேன். வயல்களை வெட்டி இறால் குட்டை போட்டவர்கள், இறால் உரிக்கப் பெண்பிள்ளைகளைக் காலையில் அள்ளிக்கொண்டு போவார்கள். இன்னொன்று மஞ்சள் வேன், புதிதாகத் தொடங்கிய இங்கிலீஷ் மீடியம் பள்ளியுடையது. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்த அப்பாக்களின் பிள்ளைகளெல்லாம் கழுத்தில் டை கட்டிக்கொண்டு அதில் ஏறிப் போனார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர் துபாயிலிருந்து லீவில் வந்தபோது என்னிடம் வருத்தப்பட்டார்: "பையன் மம்மி, டாடிங்கறான் டீச்சர். ரெண்டு வருஷமாச்சு, அதுக்கு மேல ஒண்ணும் வரலை."

மஞ்சள் வேனுக்குச் சந்தானம் சார் கண்டுபிடித்த பதில், ஆங்கில வளாகம். குடிதண்ணீர்க் குழாயைச் சுற்றிச் சுண்ணாம்பால் பெரிய கோடு போட்டார். கோட்டுக்குள் வந்தால் ஆங்கிலம் மட்டும்தான் பேச வேண்டும். மறுநாளிலிருந்து பள்ளியிலேயே மிக அமைதியான இடம் அதுதான். பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே வரை கத்திக்கொண்டு வருவார்கள், உள்ளே ஊமையாகத் தண்ணீர் குடிப்பார்கள், வெளியே போனதும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்வார்கள். ஆசிரியர்கள் நாங்கள் கோட்டுக்குள் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போனோம். பார்வையிட வந்த கல்வி அதிகாரி அங்கே நின்று, "எவ்வளவு ஒழுக்கம்!" என்று வியந்து, மற்ற பள்ளிகளிலும் இப்படிச் செய்யலாம் என்று எழுதிவிட்டுப் போனார்.

இந்தச் சூழலில்தான் ஒன்பதாம் வகுப்பில் பாக்கியலட்சுமி எழுந்து நின்றாள்.

பாக்கியத்தின் அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா வேம்பு, கூடையில் மீன் சுமந்து ஊர் ஊராக விற்பவர். நான் வழக்கம்போல "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்டேன், கூரை வழக்கம்போல அதிர்ந்தது. சத்தம் அடங்கியதும் கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்து, "புரியலை டீச்சர்" என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. கெட்ட வார்த்தை சொன்னவளைப் பார்ப்பது போல.

"என்ன புரியலை?"

"வென்ட்டுன்னா போனான். நேத்தே நடந்து முடிஞ்சு போச்சு. அப்ப 'டிட் நாட் வென்ட்'டுன்னுதானே வரணும்? நீங்க 'டிட் நாட் கோ'ன்னு எழுதறீங்க. ஏன் டீச்சர்?"

அதுதான் விதி என்றேன். சரி என்று உட்கார்ந்தாள். மறுநாளும் எழுந்தாள். "விதின்னு சொன்னீங்க. ஏன்னு இன்னும் புரியலை டீச்சர்." குறும்புக்குக் கேட்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். குறும்பு இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. நான் படித்த இலக்கணப் புத்தகங்களையெல்லாம் மனதில் புரட்டினேன். எல்லாவற்றிலும் விதி இருந்தது, ஏன் என்பது இல்லை.

பதில் சாயங்கால பஸ்ஸில் கிடைத்தது. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். "நேத்து நீ நடவுக்குப் போனியா?" என்று ஒருத்தி கேட்க, "போகலைக்கா, இடுப்பு வலி" என்றாள் மற்றவள். நான் எழுந்து நிற்காத குறை. மறுநாள் வகுப்பில் கேட்டேன்:

"பாக்கியம், நேத்து உங்கப்பா கடலுக்குப் போனாரா?"

"போகலை டீச்சர்."

"நேத்து நடந்ததுதானே? ஏன் 'போனலை'ன்னு சொல்லலை?"

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. போனலை, போகலை என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். "அப்ப நாமளும் அப்படித்தான் சொல்றோமா டீச்சர்!" என்றபோது அவள் முகம் இருந்த இருப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் 'டிட் நாட் வென்ட்' அநேகமாக ஒழிந்தது. பிள்ளைகளின் தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆங்கிலம் நடத்த முடியாது என்று பி.எட்.டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் யெஸ் சார் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இவ்வளவு கேட்கிற பெண் பரீட்சையில் முதலில் வந்திருக்க வேண்டும் அல்லவா? கடைசியில் வந்தாள். புரிந்ததை மட்டும் எழுதுவாள், புரியாத கேள்விக்கு இடம் விட்டுவிடுவாள். மலை வாசஸ்தலக் கட்டுரையைத் தொடவே மாட்டாள். "நான் போகாத ஊருக்குப் போனேன்னு எப்படி டீச்சர் எழுதறது?" ஒரு வாக்கியமும் புரியாமல் இரண்டு பக்கம் ஒப்பித்தவர்கள் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்த ஒரே பிள்ளை ஆங்கிலத்தில் பெயில்.

ஆண்டு முடிவில் சந்தானம் சார் தன் வழக்கமான களையெடுப்பைத் தொடங்கினார். ஒன்பதாவதில் பலவீனமான பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, டி.சி.யை வாங்கிக்கொண்டு போங்கள், பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதட்டும் என்று கனிவாகச் சொல்வார். தனியாக எழுதியவர்கள் யாரையும் நாங்கள் பார்த்ததில்லை. பெண்பிள்ளைகள் மறுவாரம் இறால் வேனில் தெரிவார்கள்.

வேம்பு மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றார். நானும் பாக்கியமும் சுவரோரம் நின்றோம். சந்தானம் சார் நாற்காலியில் சாய்ந்து, உங்கள் பெண்ணின் முன்னேற்றம் திருப்திகரமாக இல்லை, பள்ளியின் நலன் கருதி இந்த முடிவு என்று ஆங்கிலத்தில் நீளமாகச் சொன்னார்.

வேம்பு என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, "ஐயா என்ன சொல்றீங்கன்னு புரியலைங்க" என்றார்.

சந்தானம் சார் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா டீச்சர், குடும்பமே இப்படித்தான்" என்றார்.

நான் தமிழில் விஷயத்தைச் சொன்னேன். "வேன்காரன் ஏற்கெனவே ரெண்டு தடவை வந்து கேட்டுட்டான் ஐயா. படிக்குது புள்ளைன்னு சொல்லி அனுப்பினேன். இனிமே வந்தா என்னன்னு சொல்றது?" என்றார் வேம்பு. குரல் உயரவில்லை. பாக்கியம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஒன்றும் புரியவில்லை என்று அவள் சொல்லவில்லை. நன்றாகப் புரிந்திருந்தது.

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ தெரியாது. "சார், இந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல பாஸ் பண்ணும். நான் பொறுப்பு" என்றேன்.

"பண்ணலைன்னா?"

"என்னை எங்க வேணா மாத்தி விடுங்க."

"எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். அதிலும் ஒரு கமாவைச் சேர்த்துத் திருத்திவிட்டுத்தான் கோப்பில் வைத்தார்.

அந்த ஆண்டு நான் பாக்கியத்துக்கு மனப்பாடம் சொல்லித் தர முயன்று தோற்றேன். பிறகு அவள் வழிக்கே போனேன். போன ஊரைப் பற்றி எழுது, பார்த்ததை எழுது, ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம் போதும், தெரிந்த வார்த்தை போதும் என்றேன். ஒருநாள் ஆங்கிலத்தில் இப்படி எழுதிக்கொண்டு வந்தாள்: கடல் மோசமாக இருந்தது. அப்பா போகவில்லை. எங்களிடம் மீன் இல்லை. அம்மா ரசம் வைத்தாள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு காற்றைக் கேட்டோம். ஒரு பிழை இல்லை. நான் அதை வகுப்பில் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் சந்தானம் சார் நின்றிருந்தார். "ரசம் வெச்சதெல்லாம் ஒரு எஸ்ஸேவா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் மற்ற பிள்ளைகளும் தங்கள் வீட்டு அடுப்பையும் ஆட்டையும் தண்ணீர் வராத வாய்க்காலையும் எழுத ஆரம்பித்தார்கள். பிழைகள் மலிந்திருந்தன. ஆனால் ஒவ்வொரு தாளிலும் பிழை வேறு வேறாக இருந்தது. திருத்துகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, ஒரே மலையில் பல வருஷம் ஏறி இறங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் செய்தேன். "அண்டர்ஸ்டாண்ட்?" என்று கேட்பதை விட்டேன். அதற்குப் பதில், "பாக்கியம், எந்த இடத்துல நின்னுபோச்சு?" என்று கேட்டேன். சில நாளில் மற்றவர்களும் தாங்கள் நின்ற இடத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பாதிப்பேர் எழுத்துக் கூட்டுவதிலேயே நின்றிருந்தார்கள். இத்தனை காலம் நான் யாருக்குப் பாடம் நடத்தினேன் என்று யோசித்தால் சங்கடமாக இருந்தது.

பத்தாவது ரிசல்ட் வந்தது. பாக்கியம் ஆங்கிலத்தில் ஐம்பதைத் தாண்டிவிட்டாள். ஆங்கிலத்தில் ஒருவர்கூடப் பெயில் இல்லை. ஆனாலும் நூற்றுக்கு நூறு வரவில்லை. சமூக அறிவியலில் இரண்டு பேர் பெயில்.

பத்தாவதுக்குச் சமூக அறிவியல் எடுத்தவர் சந்தானம் சார். மஞ்சள் வேன் வந்த பிறகு அவர் வரலாற்றையும் பாதி ஆங்கிலத்தில் நடத்திக்கொண்டிருந்தார். வருஷம் முழுக்க 'இண்டஸ்ட்ரியல் ரெவல்யூஷன்' என்று சொல்லியிருந்தார். கேள்வித்தாளில் தொழிற்புரட்சி என்று கேட்டிருந்தார்கள். அது நடத்தாத பாடம் என்று நினைத்து அந்த இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

ஆசிரியர் கூட்டம் நடந்தது. சந்தானம் சார் என்னிடம்தான் விளக்கம் கேட்டார். "இங்கிலீஷ் ஃபவுண்டேஷன் ஸ்ட்ராங்கா இருந்திருந்தா நான் சொன்னது அதுங்களுக்குப் புரிஞ்சிருக்கும் இல்லையா?" கணக்கு ஆசிரியர் மேஜைக்கடியில் குனிந்து பேனாவைத் தேடினார். பேனா அவர் சட்டைப் பையில் இருந்தது. எனக்கு ஒரு மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன். பாக்கியம் பக்கத்து ஊரில் பதினொன்றாவது சேர்ந்திருந்தாள், அதனால் எனக்கு அந்த மெமோ கசக்கவில்லை. அவள் பிறகு தஞ்சாவூரில் ரத்தப் பரிசோதனைக்கான படிப்புப் படித்து, இப்போது மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறாள். வேம்பு மீன் கூடையை இறக்கி வைத்து நாளாகிறது.

சந்தானம் சார் பலகை வைக்காமலே ஓய்வு பெற்றார். அவருடைய அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. பழைய ஆசிரியர்கள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார். மகன் கம்ப்யூட்டர் வேலையாக அமெரிக்காவில் இருந்தான், மனைவியையும் பையனையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். பையனுக்கு ஐந்தாறு வயது இருக்கும். தமிழ் வராது. தாத்தாவின் மடியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் எதையெதையோ கேட்டுக்கொண்டே இருந்தான். சந்தானம் சார் ஒவ்வொன்றுக்கும் "யெஸ், யெஸ், வெரி குட்" என்றார். சுற்றியிருந்த உறவினர்கள் பெருமையோடு பார்த்தார்கள்.

சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது பையனைக் காணவில்லை. மண்டபம் முழுக்கத் தேடினார்கள். வாசலில் பஸ்கள், கூட்டம், வெவ்வேறு வீட்டு மேளங்கள். பையனின் அம்மா அழ ஆரம்பித்தாள். மகன் தெருவில் ஓடினான். சந்தானம் சார் மாலையும் கழுத்துமாக, பட்டு வேட்டி அவிழ்வது தெரியாமல் நின்றிருந்தார்.

நான் பக்கத்தில் போய், "கடைசியா உங்ககிட்ட என்ன சார் கேட்டான்?" என்றேன்.

"ஏதோ கேட்டான் டீச்சர். வேகமாப் பேசறான். எலிஃபன்ட்டுன்னு ஒரு வார்த்தை வந்துச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "யெஸ்ஸுன்னேன்."

பூஜைக்கு வந்த யானை திரும்பிப் போன பாதையில் ஆள் அனுப்பினோம். கோயில் மதிலோரம் யானைப்பாகன் பக்கத்தில், கையில் ஒரு வாழைப்பழத்தோடு பையன் நின்றிருந்தான். தாத்தாதான் போகலாம் என்றார் என்று எல்லாரிடமும் தெளிவாகச் சொன்னான். அந்த ஆங்கிலம் மட்டும் எல்லாருக்கும் புரிந்தது. மகன் அப்பாவிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதைவிடப் பெரிய தண்டனை வேண்டியதில்லை.

மகன் குடும்பம் ஊருக்குத் திரும்பிய பிறகு சந்தானம் சார் எனக்குப் போன் செய்து, மயிலாடுதுறை வீட்டுக்கு ஒருமுறை வர முடியுமா என்று கேட்டார். போனேன். அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு உள்ளே போகும்வரை காத்திருந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை பேரன் போன் பண்றான் டீச்சர். பேசறான், பேசறான். எனக்கு ஒண்ணும் பிடிபடலை. யெஸ் சொல்லவே பயமா இருக்கு. வெச்சுடறேன்."

நான் சிரித்திருக்கலாம். எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரிக்கக் காத்திருந்த கதை அது. ஆனால் கைக்குட்டையை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்த அந்த மனிதரைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற மாதிரியே தொடங்கினேன். மெதுவாகச் சொல் கண்ணு. இன்னொரு தடவை சொல். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் அவர் கூச்சப்படாமல் சொல்லுகிறவரை நான்கைந்து வாரம் போய் வந்தேன். இலக்கணம் அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கேட்பதுதான் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருக்கும்போதே போன் வந்தது. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மெதுவாக என்றார். இன்னொரு தடவை என்றார். அது என்ன வார்த்தை என்று கேட்டார். மறுமுனையில் பையன் சிரிக்கிறது எனக்கே கேட்டது. அவன் திரும்பச் சொன்னான். சந்தானம் சார் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார், பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், அவனுக்குப் பல்லு விழுந்துடுச்சாம்! மேல் வரிசை, முன் பல்லு!"